கொய்ச்சோவின் துக்க நோட்டீஸ்

ரொட்டிக் கடை வரிசையில் நின்ற ருமியானாவின் கையைக் கடைக்காரி சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"கடவுள் அவரை மன்னிக்கட்டும். தங்கமான மனுஷன்."

"யாரை?"

"உங்க மேல்வீட்டு கொய்ச்சோவைத்தான். பஸ் ஸ்டாப்புல நோட்டீஸ் பாத்தேன்."

ருமியானாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்று முன்புதான் கொய்ச்சோ பால்கனியில் மிளகாய்ச் செடிக்கு ஊற்றிய தண்ணீர் இவள் தலையில் சொட்டியிருந்தது. ரொட்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

அங்கே ஒட்டியிருந்தது அவளுடைய நோட்டீஸேதான்.

ருமியானா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். மிச்ச நேரமெல்லாம் ஒரே பிடிவாதம். காது கேளாத பெரியவர்கள் எல்லோருக்கும் நகராட்சி ஆஸ்பத்திரியில் இலவசமாகக் காது மெஷின் வைத்துவிட வேண்டும். இரண்டு தடவை நகர்மன்றக் கூட்டத்துக்கு மனு கொண்டுபோனாள். இரண்டு தடவையும் அவளைத் தவிர ஓர் ஈ காக்கை வரவில்லை. தலைவர் கலபோவ் காலி நாற்காலிகளைக் காட்டி, ஊரே கேட்காததை நாங்கள் எப்படிக் கொடுப்பது என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். வரும் வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. அன்றைக்கும் நாற்காலி காலியென்றால் பட்ஜெட்டை மூடிவிடுவார்கள். அதோடு மெஷினும் போச்சு.

அதனால்தான் இந்தத் தடவை கொய்ச்சோவின் படத்தையே போட்டு நோட்டீஸ் அடிக்கச் சொன்னாள். நெசவாலைத் தறிச் சத்தத்துக்குக் காதைக் காவு கொடுத்தவர் அவர். காபிக் கடையில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு இவர் சிரிப்பார். அது அவருக்கே வெட்கமாகப் போய், வெளியே வருவதையே விட்டுவிட்டார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது ருமியானாவிடம் மட்டும்தான்.

அவள் கேட்டது நீலமும் மஞ்சளும். அச்சகக்கார அசென் அடித்து, ஊரெல்லாம் தானே ஒட்டியும் வைத்திருந்தது கறுப்பு வெள்ளை. போதாக்குறைக்குப் படத்தைச் சுற்றி விரல் தடிமனில் கறுப்புக் கட்டம். கீழே பெரிய எழுத்தில் 'வியாழன் காலை பதினொன்று, நகராட்சி வாசல், அனைவரும் வருக'. காது மெஷின் விவரமெல்லாம் அதற்கும் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊரில் யார் செத்தாலும் இப்படித்தான் மரத்திலும் கதவிலும் ஒட்டுவோம். காலையில் எழுந்ததும் அதைப் படிக்காமல் யாரும் காபி குடிப்பதில்லை.

அசெனுக்குப் போன் போட்டுக் கத்தினாள். கலர் மை தீர்ந்துவிட்டது, கட்டம் பழக்கதோஷத்தில் வந்துவிட்டது என்று அவர் சாவதானமாகச் சொன்னார்.

இது கொய்ச்சோ கண்ணில் பட்டால் அவர் மனசு என்ன பாடுபடும்? நேராக வீட்டுக்கு வந்து, காலை அவசரத்தில் கவனிக்காமல் தாண்டிப்போன வாசல் கதவு நோட்டீஸைக் கிழிக்க ஆரம்பித்தாள். கீழ்வீட்டு யோன்கா பார்த்துவிட்டாள்.

துக்க நோட்டீஸை மழைதான் கரைக்க வேண்டும், மனுஷக் கை கிழிக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"செத்தவர் நோட்டீஸை ஏண்டி கிழிக்கிற?"

"அவர் சாகலக்கா."

"ஓஹோ" என்றாள் யோன்கா. அவ்வளவுதான் சொன்னாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. கொய்ச்சோ செத்ததை ருமியானா மறைக்கிறாள், ஃபிளாட்டைத் தன் பேருக்கு மாற்றும் வரை மூச்சு விடமாட்டாள். மருந்துக் கடைக்கு வந்தவர்கள் தலைவலி மாத்திரை கேட்டுவிட்டு அவள் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார்கள்.

சரி, கிழித்தால்தானே வம்பு, மறுப்பு ஒட்டிவிடலாம் என்று அசெனிடமே போனாள். 'கொய்ச்சோ நலமாக இருக்கிறார், வியாழக்கிழமை அவரே வருகிறார்' என்று புதுசாக அடிக்கச் சொன்னாள். கட்டம் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். கட்டம் வரவில்லைதான். ஆனால் அதே படம், அதே கறுப்பு வெள்ளை, அதே மரம். வாசகத்தை எவன் படித்தான்? எங்கள் ஊரில் நாற்பதாம் நாளுக்கு மறுபடி நோட்டீஸ் ஒட்டுவது வழக்கம். செத்து ரெண்டு நாளில் நாற்பதாம் நாளா, இவளுக்கு அப்படி என்ன அவசரம் என்று யோன்கா படிக்கட்டில் நின்று எல்லோரையும் கேட்டாள்.

ருமியானா லேசில் விடுகிற ஜாதி இல்லை. ஆளையே காட்டிவிட்டால் வாயை மூடுவார்கள் அல்லவா? சந்தைக்குப் போகலாம் வாங்க மாமா என்று உதட்டை அசைத்து நிதானமாகக் கூப்பிட்டாள். வருஷக்கணக்கில் வெளியே வராதவர், உடனே கிளம்பிவிட்டார். கோட்டு, டை, பாலிஷ் போட்ட ஷூ. நோட்டீஸ் இல்லாத சந்து சந்தாகப் பார்த்து அவரை அழைத்துப் போனாள்.

ஊர் அவரைப் பார்த்தது. பிளவ்தீவ் நகரத்திலிருந்து தம்பி வந்திருக்கிறார் என்று முடிவு கட்டியது. அவருக்குத் தம்பியே கிடையாது. ஆனால் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்துத்தான் எத்தனை வருஷமாகிறது? தக்காளி விற்கிறவள் கையைப் பிடித்து அழுதாள். "அண்ணனை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு" என்றாள் இன்னொருத்தி. கொய்ச்சோவோ ஒவ்வொருவருக்கும் மார்பில் கை வைத்துக் குனிந்து வணக்கம் சொன்னார். ருமியானா 'ஐயோ, இவர்தான் அவர்' என்று கரடியாகக் கத்தினாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளுக்கும் ரெண்டு தக்காளி சும்மா கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவளுக்கு நம்பிக்கை துளியும் இல்லை. ஆனாலும் மனுவை எடுத்துக்கொண்டாள். நானும் வர்றேன் என்று கொய்ச்சோ டையைக் கட்டிக்கொண்டார். காலி நாற்காலியில் உட்கார ஒரு ஆளாவது ஆச்சு என்று கூட்டிப்போனாள்.

நகராட்சி வாசலில் நிற்க இடமில்லை.

ஊரே கறுப்பு உடுத்தி வந்திருந்தது. சாவுக்குக் கொடுப்பது போலவே எல்லோர் கையிலும் ஜோடி ஜோடியாகப் பூ. யோன்கா, சாவுக்குப் பங்கிடும் சர்க்கரை போட்டு வேகவைத்த கோதுமையைப் பெரிய பாத்திரத்தில் ஏந்திக்கொண்டு முன்வரிசையில் நின்றாள். கூட்டத்தைப் பார்த்துத் தலைவர் கலபோவே ரெண்டு ரோஜாவோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்டு எல்லோரையும் அனுப்பிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ருமியானா நினைத்தாள். பிறகு, மாட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொய்ச்சோவின் கையைப் பிடித்து மேல்படியில் ஏற்றினாள்.

"இவர் தம்பி இல்ல. கொய்ச்சோ. உயிரோடதான் நிக்கிறார்."

யோன்கா சிலுவை போட்டுக்கொண்டு, பாத்திரத்தைப் பக்கத்தில் இருந்தவன் தலையில் கட்டினாள்.

"பூவோட வந்திருக்கீங்க, சந்தோஷம். இவர்கிட்ட கடைசியா எப்ப பேசினீங்க? ஒருத்தர் சொல்லுங்க."

கலபோவ் ரோஜாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"காதுல ஒரு மெஷின் இருந்திருந்தா, இத்தனை நாளா உங்களோட உக்காந்து சிரிச்சிருப்பார். உங்க வீட்டுலயும் டிவிய அலற விட்டுட்டு ஒருத்தர் தனியா உக்காந்திருப்பாங்க. அப்படி யாரும் இல்லாதவங்க இப்பவே வீட்டுக்குப் போகலாம். மத்தவங்க மாடிக்கு, மன்றக் கூட்டத்துக்கு வாங்க."

சந்தையில் அழுத தக்காளிக்காரிதான் முதலில் படியேறினாள். எங்க அப்பாவுக்கும் கேக்கல என்றாள் சன்னமாக. அப்புறம் ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறினார்கள். நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டிலும் உட்கார்ந்தார்கள். கலபோவ் ரோஜாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் அதே கையைத் தூக்கி ஓட்டுப் போட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தூக்கினார்கள். அடுத்த மாதம் முதல் ஆஸ்பத்திரியில் காது மெஷின், கேட்கிற எல்லோருக்கும் இலவசம். பட்டியலில் முதல் பெயர் கொய்ச்சோவுடையது. ருமியானா அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். யோன்கா கோதுமையை வீணாக்காமல் எல்லோருக்கும் பங்கிட்டாள்.

மாலையில் ருமியானா அச்சகத்துக்குப் போனாள். திட்டுவதா, கும்பிடுவதா என்று வழியெல்லாம் யோசித்தும் முடிவுக்கு வரவில்லை.

"கலர் மை தீந்துபோனது நல்லதாப் போச்சு அண்ணே" என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. அந்த நோட்டீஸ் மட்டும் கொய்ச்சோ மாமா கண்ணுல படக்கூடாது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அசென் மெஷினை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"மை நிறைய இருந்துதும்மா. நீ சொல்லிட்டுப் போன அன்னிக்கு சாயங்காலம் கொய்ச்சோவே இங்க வந்து, 'உயிரோட இருக்கிறவன் மூஞ்சிய இந்த ஊர்ல எவன்டா பாக்கிறான், கறுப்புக் கட்டம் போடு'ன்னு பக்கத்துல நின்னு அடிச்சு வாங்கினார். விடியறதுக்குள்ள என்கூட வந்து ஒட்டினதும் அவர்தான்."