ஆறு மேசன்மாரும் ஒரு அரபுநாடும்

துபாய் வேண்டாம் என்று பிறின்ஸ் சொன்னபோது, வெயில்தான் காரணம் என்பதைப் பஸ்தியாம்பிள்ளை நம்பிவிட்டார்.

"அங்க சூடு தாங்கேலாது அண்ணன்," என்றான் பிறின்ஸ். அதைச் சொல்லும்போது சித்திரை மாத நடுப்பகலில், கூரை போடாத மூன்றாம் மாடியில், சட்டை இல்லாமல் முழங்காலில் நின்று டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தான்.

டைல்ஸ் ஒட்டுகிற பசை விற்கும் கம்பனி ஒன்று, மட்டக்களப்பு மாவட்டத்தில் தன் பசையைக் கூடுதலாகப் பாவித்த ஆறு மேசன்மாரை அரபுநாட்டுக்குக் கூட்டிப்போவதாக அறிவித்திருந்தது. நட்சத்திர ஹோட்டல். ஒரு நாள் மாநாடு, இரண்டு நாள் சுற்றிப் பார்ப்பது. பெண்சாதியையும் கூட்டிவரலாம். கொழும்பிலிருந்து கோட்டும் ரையுமாக வந்த முதலாளி, எந்த நாடு என்பதை நீங்களே தெரிவு செய்யுங்கள், அரபுநாட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லிவிட்டுப் போனார். நிபந்தனை ஒன்றுதான். ஆறு பேரும் ஒரே நாட்டைச் சொல்ல வேண்டும். வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்குள் சொல்லாவிட்டால் பயணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

வயதில் மூத்தவர் என்று, நாட்டின் பெயரை எல்லாரிடமும் கேட்டு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பைப் பஸ்தியாம்பிள்ளையின் தலையில் வைத்தார்கள். அது அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஆறு பேரும் அரபுநாட்டில் பாடுபட்டு வந்தவர்கள். மாநாட்டு மண்டபங்களின் தரையைக் குனிந்து நின்று பதித்தவர்கள். அந்தத் தரையில் கதிரை போட்டு இருந்து பார்த்தவன் அவர்களில் ஒருவனும் இல்லை. பஸ்தியாம்பிள்ளைக்கு அப்படி இருந்து பார்க்கும் ஆசையை விடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. அவருடைய மனுசி திரேசம்மா நாலு தரம் கட்டுநாயக்கா விமான நிலையம் வரைக்கும் வந்து அவரை வழியனுப்பியவள். நாலு தரமும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கை காட்டிவிட்டு, பஸ் பிடித்துத் தன்னாமுனைக்குத் திரும்பியவள். ஒரு தரமாவது அவளை அந்தக் கதவுக்கு உள்ளே கூட்டிப்போக வேண்டும். அவளோ செய்தி கேட்ட கையோடு பாஸ்போட் எடுத்துவிட்டாள். அதைப் பைபிளுக்குள் வைத்து, காலையிலும் மாலையிலும் திறந்து தன் படத்தைப் பார்த்துக்கொண்டாள்.

துபாய் இல்லையென்றால் ஓமான் என்று நினைத்து, பஸ்தியாம்பிள்ளை மோட்டார் சைக்கிளில் ஏறாவூருக்குப் போனார். அங்கே இருக்கிற மேசன் ஹில்மிக்கு ஓமான் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதாம். கத்தார் என்று மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்குப் போனார். சீனித்தம்பி வயல்வட்டைக்குள் நீர் கட்டிக்கொண்டு நின்றான். கத்தாரில் பார்ப்பதற்கு என்ன இருக்கு, வெறும் மண்தானே என்றான். சவூதி என்று களுவாஞ்சிக்குடிக்குப் போனார். அங்கே மேசன்மார் இரண்டு பேரும் அண்ணன் தம்பி. அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி மின்விசிறியைப் பார்த்தான். பெண்சாதிமாருக்குச் சரிவராது என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"அப்ப குவைத்துக்குப் போவமே அண்ணன்," என்றான் தம்பிக்காரன். "நீங்க இருந்த இடம்தானே."

"குவைத்து வேணாம். மண்காத்து," என்றார் பஸ்தியாம்பிள்ளை, கொஞ்சம் அவசரமாக.

நேருக்கு நேர் கேட்டால் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து, புதன்கிழமை மற்ற ஐந்து பேரையும் டவுனில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குக் கூப்பிட்டார். ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, பெயர் போடாமல் எழுதி டைல்ஸ் பெட்டிக்குள் போடச் சொன்னார். பிறகு பிரித்துப் பார்த்தார்.

துபாய் வேண்டாம். ஓமான் வேண்டாம். கத்தார் வேண்டாம். சவூதி வேண்டாம். இன்னுமொரு சவூதி வேண்டாம். கடைசித் துண்டில் குவைத் வேண்டாம் என்று இருந்தது. அது அவருடைய கையெழுத்து.

வேண்டும் என்று ஒருவனும் எழுதவில்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது. பஸ்தியாம்பிள்ளைக்குக் கோபம் வந்தது. சீனித்தம்பி சொன்ன காரணம்தான் இருப்பதில் இளப்பமானது என்று முடிவுகட்டி, கத்தார் என்று கம்பனியின் மட்டக்களப்புக் கிளைக்குப் போன் பண்ணிவிட்டார். எடுத்தவள் சர்மிளா. கிளை அலுவலகத்தில் வேலை செய்கிற பிள்ளை.

ஆறு பேரின் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போட்டார். அரை மணித்தியாலத்தில் சீனித்தம்பி குழுவிலிருந்து வெளியேறினான். ஒரு மணித்தியாலத்தில் சர்மிளா திருப்பிப் போன் எடுத்து, கத்தார் எண்டா மேலிடத்துக்கு அவ்வளவு விருப்பம் இல்லைப் போல, இன்னுமொருக்கா யோசிச்சுப் பாருங்க ஐயா என்றாள். பொழுது படுவதற்குள் பஸ்தியாம்பிள்ளை திரும்பவும் பாலம் தாண்டினார்.

வரம்பில் குந்தியிருந்து சீனித்தம்பி உண்மையைச் சொன்னான். கத்தாரில் ஒரு சுப்பவைசர் அவனுடைய ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னானாம். இவன் கரைத்து வைத்திருந்த பசையை வாளியோடு அவன் தலையில் கவிழ்த்தானாம். கைரேகை எடுத்து, இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

"ஆருக்கும் சொல்லிப்போடாதீங்க அண்ணன். அவனுக்குப் பசை இறுகினாப் பிறகுதான் வாளி கழண்டது."

பஸ்தியாம்பிள்ளைக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வியாழக்கிழமை வேலைக்குப் போகவில்லை. ஒவ்வொருவரிடமும் போய், "எனக்கு விசயம் தெரியும்," என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறின்ஸ் துபாயில் தினமும் பருப்பே தின்னக் கொடுக்கிறார்கள் என்று வேறு கம்பனிக்கு ஓடிப் பிடிபட்டவன். ஹில்மி ஓமானில் ஓட்டத் தெரியாத லொறியை ஓட்டத் தெரியும் என்று சொல்லி ஏறி, முதலாளியின் புதுக் காருக்குமேல் ஏற்றியவன். இரண்டு பேருக்கும் அந்த நாடுகளில் தடை. அண்ணன் தம்பி கதைதான் பெரிய கதை. அண்ணனின் பாஸ்போட்டில் சவூதிக்குப் போனது தம்பி. இப்போது அங்கே அண்ணனுடைய பெயருக்கும் தடை, தம்பியுடைய விரலுக்கும் தடை.

எல்லாரும் ஆருக்கும் சொல்லவேண்டாம் என்று சத்தியம் வாங்கினார்கள். வீட்டுக்கு வரும்போது பஸ்தியாம்பிள்ளையிடம் ஐந்து பேரின் இரகசியம் இருந்தது, நாடு ஒன்றும் இருக்கவில்லை. மாவட்டத்தின் திறமான ஆறு மேசன்மாரும் சேர்ந்து அரபுநாட்டையே பூட்டு போட்டு வைத்திருந்தார்கள்.

திரேசம்மா முற்றத்துக் குழாயடியில் வாவி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். குவைத் என்றால் தனக்கு நல்ல விருப்பம், அவர் கிடந்து கஷ்டப்பட்ட இடத்தை ஒருக்கால் பார்க்கலாம் என்றாள். பஸ்தியாம்பிள்ளை பக்கத்தில் குந்தினார். ஒளிக்க இனிமேல் தெம்பில்லை.

டைல்ஸ் வேலை என்று கூட்டிப்போன முதலாளி அவரைப் புறா வளர்க்க விட்டதையும், நானூறு புறாக்களின் எச்சத்தை மூன்று மாதம் வழித்ததையும், ஒரு விடியற்காலை மதிலேறிக் குதித்ததையும், இரண்டு வருடம் ஒளித்து வேலை செய்து கடைசியில் கைரேகை கொடுத்து வந்ததையும் சொன்னார். சொல்லி முடித்து நிலத்தைப் பார்த்தார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள் திரேசம்மா. "பெட்டியோட போன மனிசன் ஒரு சொப்பிங் பேக்கோட வந்தா வேற என்ன?" செதிலைக் கழுவி ஊற்றினாள். "அது கிடக்கட்டும். நீங்க ஆறு பேரும் வேலைக்குப் போகாத அரபுநாடு ஒண்டும் இல்லையா?"

பஸ்தியாம்பிள்ளை நாடு நாடாக விரல் மடித்தார். ஐந்து விரல் மடங்கியது. ஆறாவதாக ஒன்று மற்றக் கையில் நின்றது.

அப்போதே குழுவில் கேட்டார், பஹ்ரைனுக்கு யாராவது போனதா என்று. பிறகு பிறின்ஸ், அங்க எனக்கு விசாவே தரல்ல, அதால போகவே இல்ல என்று போட்டான். மற்றவர்களும் அந்த நாட்டில் கால் வைத்ததில்லை. சம்மதம் என்று ஐந்து பெருவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. சீனித்தம்பியைத் திரும்பக் குழுவில் சேர்த்த பிறகு விழுந்தது ஐந்தாவது.

வெள்ளி பின்னேரம் மூன்று மணிக்குப் பஸ்தியாம்பிள்ளை திரேசம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளை அலுவலகத்துக்கே போனார். போனில் சொல்ல மனம் கேட்கவில்லை. பஹ்ரைன் என்று எழுதியிருந்த கடதாசியைச் சர்மிளா வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேலிடத்தில கேட்டுச் சொல்றன் என்று உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

மூன்றரை ஆனது. திரேசம்மா பாஸ்போட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போகாவிட்டாலும் பரவாயில்லை, படம் நல்லா விழுந்திருக்கு என்று மெல்லச் சொன்னாள். அது பஸ்தியாம்பிள்ளையின் நெஞ்சில் சீமெந்து மூட்டை மாதிரி இறங்கியது. நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது.

சர்மிளா வெளியே வந்து, அக்கம்பக்கம் பார்த்து, அவர்கள் இருவருக்கும் கிட்ட வந்து குனிந்தாள்.

"சரிவந்திட்டு ஐயா, பயணம் உங்களுக்குத்தான். ஆனா வெளியில கதைச்சிராதீங்க. எங்கட முதலாளியும் பயப்பிடாம இறங்கக்கூடிய அரபுநாடு அது ஒண்டுதான்."