முன்சக்கரத்தில் அரைவட்டம்

முப்பது வருஷத்துக்கு மேல் டிரில் டீச்சராக இருந்தவள் நான். "நிமிர்ந்து நில்லு" என்று நான் அதட்டாத பெண்பிள்ளை தூத்துக்குடியில் குறைவு. அந்த வேலை எனக்கு நிரந்தரமானது நான் நிமிர்ந்து நின்றதால் அல்ல, ஊரே பார்த்திருக்கத் தலைகுப்புற விழுந்ததால்தான் என்பதை இப்போதாவது ஒப்புக்கொள்ள வேண்டும். (என் பழைய மாணவிகள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குத் தாண்டிவிடவும்.)

எழுபதுகளின் தொடக்கம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகும் லாரிகள் ஊரையே புழுதியாக்கிக்கொண்டிருந்த நாட்கள். எனக்கு இருபத்திமூன்று வயது. நாசரேத்திலிருந்து வந்து, மில்லர்புரத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, ஒரு பெண்கள் பள்ளியில் தற்காலிக வேலை பார்த்தேன். வருஷக் கடைசியில் பெரிய டீச்சர் கிருபை என்ற என் பேருக்கு நேரே ஒரு 'சரி' எழுதினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்பி, அப்பா உறையில் போட்டு வைத்திருக்கும் மாப்பிள்ளை போட்டோக்களைப் புரட்ட வேண்டியதுதான்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்குப் பின்னால் இருந்த பொட்டலில் சைக்கிள் சர்க்கஸ்காரர்கள் வந்து கம்பம் நட்டார்கள். உச்சியில் குழாய் ஒலிபெருக்கி, சுற்றிலும் டியூப் லைட். சுடலைமணி என்பவர் ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்றுவார். சாப்பாடு, குளியல், முகச் சவரம் எல்லாம் அதன் மேலேயே. ஆனால் கூட்டம் வந்தது அவருக்காக இல்லை, அவர் மனைவி முத்துக்கனிக்காக.

முத்துக்கனி என் வயதுக்காரி. உடன்குடிப் பக்கம். அவளுடைய அப்பா பனையேறி. மெலிந்து கறுத்த பெண், சிரித்தால் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கும். பழைய சைக்கிள் ஒன்றில் மெதுவாக வருவாள். வட்டத்தின் நடுவில் முன்பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்து உடம்பை முன்னால் சாய்ப்பாள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஒரு நொடி அவளும் அந்தச் சைக்கிளும் முன்சக்கரத்தின் மேல் மட்டும் நிற்பார்கள். பிறகு இடுப்பை லேசாகத் திருப்புவாள். மொத்த வண்டியும் காற்றில் அரைவட்டம் போட்டு, வந்த திசையைப் பார்த்து இறங்கும். சத்தமே இருக்காது. டிரில் டிரெயினிங்கில் எனக்குப் பெரிய பெரிய புத்தகங்கள் வைத்துச் சொல்லிக்கொடுத்த சமநிலை என்பது இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று தினமும் போய் நின்றேன்.

மூன்றாம் நாள் அவளுக்கு மணிக்கட்டுச் சுளுக்கிக்கொண்டது. நான் பள்ளியிலிருந்து முதலுதவிப் பெட்டியை எடுத்துப் போய்க் கட்டுப் போட்டுவிட்டேன். பதிலுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். எனக்கு வேண்டியது அந்த அரைவட்டம்தான். பள்ளி விளையாட்டு விழாவில் அதைச் செய்து காட்டினால் பெரிய டீச்சர் 'சரி' எழுதாமல் எப்படி இருப்பார்? (இருபத்திமூன்று வயதில் மூளை இப்படித்தான் வேலை செய்கிறது.)

மறுநாள் விடிந்ததுமே பாடம் தொடங்கியது. என் லேடீஸ் சைக்கிளின் முன் மட்கார்டைக் கழற்றினாள். உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கிடந்த பிரேக் கம்பிக்கு எண்ணெய் விட்டு, புது பிரேக் கட்டை மாட்டினாள்.

"சைக்கிள நிறுத்தாதிய டீச்சர். முன்சக்கரத்த மட்டும் நிறுத்துங்க. மத்ததெல்லாம் போய்க்கிட்டே இருக்கட்டும்" என்றாள். அப்புறம் முக்கியமான ஒன்று சொன்னாள். "கண்ணு எங்கன பாக்கோ, உடம்பு அங்கனதான் போவும். திரும்பப் போற பக்கத்தப் பாருங்க. வேற எதையும் பாக்கக்கூடாது."

சுடலைமணிக்கு இதில் சம்மதமில்லை. ஆனால் அவரால் இறங்கி வந்து பேச முடியாது. "டீச்சரம்மா, ஒங்களுக்கு இதெல்லாம்..." என்று சொல்லிக்கொண்டே எங்களைக் கடந்து போவார். ஒரு சுற்று முடித்து வந்துதான் "...வேண்டாத வேலை" என்பார். நாங்கள் பதில் சொல்வதற்குள் மறுபடியும் போயிருப்பார்.

நான் விழுந்த கணக்கை எழுத ஒரு நோட்டுப் போதாது. முழங்கால், முழங்கை, தாடை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. வீட்டில் மதினி, அதாவது அண்ணன் மனைவி, என் நடையைப் பார்த்துவிட்டு எனக்கு வாதம் வந்துவிட்டது என்றே முடிவு கட்டி, குடும்ப ஜெபத்தில் என் கால்களுக்கென்று தனியாக ஒரு வரி சேர்த்தார். முத்துக்கனி மட்டும் ஒவ்வொரு தடவையும் நான் ஏன் விழுந்தேன் என்பதைச் சரியாகச் சொன்னாள். நான் விழுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். பாடம் தொடங்கிய நாலாவது நாள் காலையில் என் பின்சக்கரம் எழும்பி, திரும்பி, இறங்கியது. பத்துக்கு இரண்டு தடவை சரியாக வந்தது. எனக்கு அது போதும் என்று தோன்றியது. அவளுக்குப் போதாது. "இன்னும் ஒரு மாசம் ஆகட்டுமே டீச்சர்" என்றாள். நான் கேட்கவில்லை.

விளையாட்டு விழாவன்று அவர்களுடைய ஏழு நாள் முடிந்திருந்தது. சுடலைமணி ஒருவழியாக இறங்கி, கட்டை மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். முத்துக்கனி ஒரு நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, மதினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிகழ்ச்சி நிரலில் 'ஆசிரியை சைக்கிள் ஓட்டிக் காட்டுதல்' என்று மட்டும்தான் எழுதிக்கொடுத்திருந்தேன். பெரிய டீச்சர் அதைச் சாலைப் பாதுகாப்பு என்று நினைத்துச் சம்மதித்தார்.

தலைமை விருந்தினர் துறைமுகத்துப் பெரிய அதிகாரி. வெள்ளைச் சீருடை, தங்கப் பித்தான். அவருக்கு முன்னால் பரிசுக் கோப்பைகள் அடுக்கிய மேஜை, பக்கத்தில் மைக். நான் டிரெயினிங்கில் தைத்த வெள்ளை சல்வாரில், பேண்டு வாத்தியம் முழங்க, அந்த மேஜையை நோக்கி வந்தேன். சுண்ணாம்புக் கோட்டில் பிரேக்கைப் பிடித்தேன். பின்சக்கரம் அழகாக எழும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். தலைமை விருந்தினர் பார்க்கிறாரா என்று தெரிந்துகொள்ள, அந்த நேரம் பார்த்து நான் அவரைப் பார்த்தேன்.

கண் போன இடத்துக்கே உடம்பும் போனது. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து, மண்ணில் சறுக்கி, மேஜைக் காலில் போய் நின்றேன். மேஜை சாய்ந்தது. கோப்பைகள் ஒவ்வொன்றாக உருண்டன. மூன்று தலைமுறையாக எங்கள் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் செய்யாத சாஷ்டாங்க நமஸ்காரத்தை நான் அந்த அதிகாரியின் பூட்ஸ் காலடியில் செய்து கிடந்தேன். மைக் என் வாய்க்கு நேராக விழுந்திருந்ததால், "ஐயோ மதினி" என்று நான் முனகியது ஒலிபெருக்கி வழியாகக் கப்பல்கள் வரைக்கும் போயிருக்கும்.

எனக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. உறைக்குள் இருந்த மாப்பிள்ளைகள் வரிசையாகக் கண்ணில் தெரிந்தார்கள்.

அப்போது என் சைக்கிளை யாரோ நிமிர்த்தும் சத்தம் கேட்டது. முத்துக்கனி. முன்சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, கோணிப்போன ஹேண்டில்பாரை ஒரே திருகில் நேராக்கினாள். சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகினாள். கூட்டத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, அந்தப் பாதிப் பல் தெரியச் சிரித்தாள். ஏறி ஒரு சுற்று வந்து, நான் பிரேக் பிடித்த அதே கோட்டில் பிடித்தாள். பின்சக்கரம் எழும்பியது. அரைவட்டம். இறங்கியது. மறுபடி எழும்பியது, மறுபக்கம் ஒரு அரைவட்டம். ஆடாமல், அசையாமல், பழக்கமே இல்லாத வண்டியில், கட்டுப் போட்ட கையோடு. மண்ணில் கிடந்தபடி நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வலி மறந்துபோனது. என் மேல் இருந்த வெட்கம்கூட மறந்துபோனது.

மைதானம் எழுந்து நின்று கை தட்டியது. தலைமை விருந்தினர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் கோமாளி, பிறகு வித்தைக்காரி என்று நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததாகவே எல்லோரும் நம்பிவிட்டார்கள். நசுங்கிப்போன கோப்பை ஒன்றை எடுத்து அதிகாரி முத்துக்கனிக்குப் பரிசாகக் கொடுத்தார். (கோப்பைக்குரிய பிள்ளைக்குப் பிறகு புதிதாக ஒன்று வாங்கினோம்.) அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். 'உயரம் தாண்டுதல், முதல் பரிசு' என்று படித்துச் சொன்னேன்.

"அப்பம் இது ஒங்களுக்குல்லா சேரணும்" என்றாள்.

என்னைக் காப்பாற்றிவிட்டதாக நான் அழுதுகொண்டே சொன்னபோது, அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. "எங்க தொழில்ல மொதல்ல ஒரு ஆளு விழணும் டீச்சர். இல்லன்னா நாங்க நிக்கது சனங்களுக்குத் தெரியாது" என்றாள். மறுநாள் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர்கள் திருச்செந்தூருக்குப் போய்விட்டார்கள்.

பெரிய டீச்சர் திங்கட்கிழமை என்னை அறைக்குக் கூப்பிட்டு, விழுந்தது நடிப்பா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இல்லை, நிஜமாகவே விழுந்தேன் என்றேன்.

"தெரியும். நடிக்கிறவ மூஞ்சி அப்படி இருக்காது" என்றார். பிறகு 'சரி' எழுதிவிட்டு, இனிமேல் விழுவதாக இருந்தால் நிகழ்ச்சி நிரலில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

அந்த அரைவட்டம் அதற்குப் பிறகும் எனக்குப் பத்துக்கு மூன்றைத் தாண்டவில்லை. ஆனால் முதலில் ஒரு ஆள் விழ வேண்டும் என்று முத்துக்கனி சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட மதினி அதை விடவே இல்லை. புதுக் குழம்பைச் சுவை பார்க்க வேண்டுமா, ஆடும் ஏணியில் ஏற வேண்டுமா, வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். போன வருஷம் எனக்கும் மதினிக்கும் ஒரே நாளில் கண் ஆபரேஷன். இரண்டு பேரில் யார் முதலில் உள்ளே வருகிறீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். எண்பது வயது மதினி தயங்காமல் என்னைக் கை காட்டினார்.

"அவதாம்மா. எங்க வீட்டுல மொதல்ல கிருபைதான் விழுவா."