பதினோரு கதைகளிலும் எல்லோரும் திரும்பி வந்த விவகாரம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் உன் அண்ணி சுகம். நான் ஆறு மாதமாகச் சுகம் மாதிரி இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துவிடாமலும் இருக்க வேண்டும்.

நாலு வருடம் உட்கார்ந்து நீ மொழிபெயர்த்த ஜப்பானியத் தேவதைக் கதைகளின் அச்சுப்படியை என்னிடம் கொடுத்தபோது, "அண்ணா, எழுத்துப்பிழை மட்டும் பாரு. வேற எதையும் தொடாதே, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாய். முப்பத்தோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், பேசாமல் கால்புள்ளிகளோடு நின்றிருக்கலாம். முதல் கதையிலேயே வினை. குடை செய்கிறவனுக்கு மனைவியாக வந்த நரி, "என் ஊர் எதுன்னு மட்டும் கேட்காதே" என்கிறது. ஒரு மழைநாளில் அவன் கேட்டுத் தொலைக்கிறான். அவள் குடையை விரித்தபடி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். 'அவன் அந்தக் குடையை மடக்கவே இல்லை.' அவ்வளவுதான், கதை முடிந்தது! கீழே அரைப் பக்கம் வெள்ளையாகக் கிடக்கிறது. எங்கள் அச்சகத்தில் அப்படி வந்தால் ஏதோ வரி விட்டுப்போயிற்று என்று அர்த்தம். பாவம், அவசரத்தில் விட்டுவிட்டாய் என்று நானே சேர்த்தேன்: 'மழை நின்றது. அவளும் திரும்பி வந்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.' கை அதோடு சும்மா இருந்ததா? அடுத்த கதையிலும் அரைப் பக்கம் காலி, அதற்கடுத்ததிலும் காலி. ஆகமொத்தம் பதினோரு கதைகளிலும் போனவர்கள் அத்தனை பேரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சிரிக்க வைத்துத்தான் பேனாவை மூடினேன். உன்னிடம் காட்டாமல் நேரே பதிப்பாளரிடம் கொடுத்தும்விட்டேன். 'ஜப்பானியர்கள் இவ்வளவு கலகலப்பானவர்கள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே' என்று பத்திரிகையில் வந்த மதிப்புரையைக் கத்தரித்து, பெருமையாக உனக்கு அனுப்பியதும் நான்தான்.

நீ வந்தாய். "நீ பிழை திருத்தலண்ணா. நான் சொல்ல வந்ததையே அழிச்சுட்ட" என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, வாசலில் காய வைத்த குடையைக்கூட எடுக்காமல் கொட்டுகிற மழையில் போனாய். "கோபம் தணிஞ்சா தானா வருவா" என்று உன் அண்ணியிடம் சொன்னேன். குடை இன்னும் விரிந்தபடிதான் கிடக்கிறது. "மழையே இல்ல, வழியை அடைச்சுக்கிட்டு எதுக்கு இது? மடக்கித் தொலைங்களேன்" என்று அவள் தினமும் இடறிக்கொண்டு திட்டுகிறாள். எனக்கு மனசு வரவில்லை. அந்த அரைப் பக்கம் ஏன் வெள்ளையாக இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது. தப்புப் பண்ணிட்டேன்மா.

விற்காத பிரதிகளையெல்லாம் வாங்கிவந்து, நான் சேர்த்த வரிகளின்மேல் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டிவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் பதினோரு இடம். விரலெல்லாம் பசை. இனி உன் கதைகளில் போனவர்கள் போனவர்கள்தான். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நீடூழி வாழ்ந்து இன்னும் பல புத்தகங்களை வேறு யாரிடமாவது கொடுத்துத் திருத்த என் ஆசிகள்.

எழுத்துப்பிழை மட்டும் பார்த்திருக்க வேண்டிய,
உன் அண்ணன்

பின்குறிப்பு: ஒரே ஒரு பிரதியில் மட்டும் ஒட்டவில்லை. என் மேசையில் இருக்கிறது. அதில் அவள் திரும்பி வருகிறாள். தப்புதான். நீயே நேரில் வந்து உன் கையால் ஒட்டிவிட்டுப் போ. பசை மிச்சம் வைத்திருக்கிறேன்.