நாலாம் மாடி வரைக்கும்

"மேடம் இருக்காங்களா?"

செத்துப்போன மனைவியின் போன் அது. அவன்தான் விடாமல் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். விபத்தன்று ரோட்டில் விழுந்ததில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் போய்விட்டது. லவுட்ஸ்பீக்கர் மட்டும் வேலை செய்தது. யார் கூப்பிட்டாலும் ஹாலுக்கும் கேட்கும், சமையலறைக்கும் கேட்கும்.

இந்த இரண்டு மாதத்தில் பேங்க், கேஸ் ஏஜென்சி, துணிக்கடை என்று எல்லோரிடமும் விஷயத்தைச் சொல்லியாகிவிட்டது. சொன்னதும் எதிர்முனை கொஞ்சம் நிற்கும். பிறகு குரல் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்தப் பஞ்சை இன்னொரு தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை.

"வெளிய போயிருக்காங்க" என்றான்.

"நீங்க?"

"வீட்டுக்காரர்."

"பெண்கள் கிளினிக்லேர்ந்து பிசியோதெரபிஸ்ட் பேசறேன் சார். மேடத்தோட பிரச்சினை உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்" என்றான். ஒன்றும் தெரியாது.

"நல்லது. முக்கால்வாசிப் பேர் வீட்டுக்காரர்கிட்டயே சொல்ல மாட்டாங்க. இடுப்புக்கு அடியில தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துட்டா அப்படித்தான் சார். யோனி தளர்ந்த மாதிரி, ஏதோ கீழ இறங்கற மாதிரி இருக்கும். இருமினா, தும்மினா சொட்டுச் சொட்டா சிறுநீர் போயிடும். நேர்ல வரக் கூச்சம்னு மேடம் போன்லயேதான் எல்லாம் சொன்னாங்க."

"எங்களுக்குக் குழந்தைகூட இல்லையே?"

"பெத்தவங்களுக்குத்தான் வரும்னு இல்ல சார். கனம் தூக்கினா வரலாம். ரொம்ப நாள் இருமல் இருந்தா வரலாம்."

சமையலறையில் மாமியார் இருமினாள். அவசரமான காலடிச் சத்தம். பிறகு அவள் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

அழப் போகிறாள் என்று நினைத்தான். மகள் போனதிலிருந்து இப்படித்தான். இருமல் மாதிரி ஆரம்பிக்கும், உடனே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் தொந்தரவு செய்வதில்லை. சோபாவில் உட்காரமாட்டாள், பிளாஸ்டிக் நாற்காலிதான். மாப்பிள்ளை முன்னால் மரியாதை போலிருக்கிறது. அவளுக்குப் போக வேறு இடமில்லை. போகச் சொல்ல அவனுக்கு மனமில்லை. "சாப்பாடு வச்சிருக்கேன் மாப்பிள்ளை." "சரி அத்தை." ஒரு நாளைக்கு அவ்வளவுதான் பேச்சு.

போனை வைத்தபின் பழசையெல்லாம் தோண்ட ஆரம்பித்தான். தண்ணீர் கேனை மனைவிதான் தூக்குவாள். பஸ் கிளம்பினால் ஓடமாட்டாள், அடுத்தது வரட்டும் என்பாள். அவன் ஜோக் சொன்னால் "போதும்டா சாமி" என்று எழுந்து போய்விடுவாள். ஜோக்தான் மொக்கை என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். இப்போது எல்லாவற்றுக்கும் வேறு காரணம் முளைத்தது. பக்கத்தில் படுத்தவனிடம் சொல்லாததை யாரோ ஒரு குரலிடம் சொல்லியிருக்கிறாள்.

அது வலித்தது. இரண்டு மாதத்தில் ஏதோ ஒன்று வலிப்பது அதுதான் முதல் தடவை.

அந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு பயிற்சி ஆடியோ அனுப்பியிருந்தாள். மாலையில் போட்டுக் கேட்டான்.

"இடுப்புத் தசையை ஒரு லிப்ட்னு நினைச்சுக்கோங்க. கதவை மூடுங்க. மெதுவா முதல் மாடி. நிறுத்துங்க. ரெண்டாம் மாடி. மூச்சை அடக்காதீங்க. இப்ப மெதுவா இறக்குங்க. தொப்புன்னு விடக் கூடாது."

அவன் லிப்ட் கம்பெனியில் பராமரிப்பு இன்ஜினியர். பாடத்தில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

தினமும் மாலை அதைப் போட்டான். போட்டதும் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒருநாள் எட்டிப் பார்த்தான். மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு, முகம் சிவக்கச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று திரும்பிவிட்டான்.

உண்மையைச் சொல்லி இதை நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் விசாரித்துக்கொண்டிருக்கும்வரை அவன் மனைவிக்கு ஓர் உடம்பு இருந்தது.

அடுத்த தடவை அந்தப் பெண் கூப்பிட்டபோது அவன் அந்தப் போனும் கையுமாக ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் உச்சியில், லிப்ட் மோட்டார் அறையில் இருந்தான். கூட வேலை பார்க்கும், எல்லோரும் 'கிரீஸ்' என்று கூப்பிடும் மெக்கானிக் தரையில் உட்கார்ந்து போல்ட் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை மாடி போறாங்க சார்?"

"ரெண்டு."

"நிக்குதா?"

முன்னேற்றம் இல்லை என்றால் சலித்துப்போய் அந்தப் பெண்ணே விட்டுவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. "நிக்கலை. நழுவுது" என்றான்.

கிரீஸ் நிமிர்ந்தான். "எந்த பில்டிங் சார்? பிரேக் தேஞ்சிருக்கும். கழட்டிப் பாத்துடலாம்."

"யார் சார் அது?" என்றது போன்.

"கூட வேலை செய்யறவர்."

"எதையும் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க. பயிற்சி பலிக்கலைன்னா வேற வழி இருக்கு. சிலிகான் வளையம் இருக்கு, உள்ள வச்சா இறங்கறதைத் தாங்கும். லேசா கரன்ட் கொடுத்துத் தசையை எழுப்பலாம். லேசர்னு விளம்பரத்தைப் பாத்து எங்கயும் ஓடிடாதீங்க, அதுக்கு இன்னும் சரியான ஆதாரம் கிடையாது. எதுவுமே ஆகலைன்னாதான் ஆபரேஷன். டாக்டர்கிட்ட ஆபரேஷன் பத்திக் கேக்கட்டுமா?"

விபத்தன்று ஆபரேஷனுக்கு என்று தள்ளிக்கொண்டு போனவளை அவன் பிறகு வெள்ளைத் துணி சுற்றித்தான் பார்த்தான்.

"வேணாம்! அதெல்லாம் வேணாம். சரியாயிடும்."

போனை அணைத்தான்.

"கஸ்டமர் தங்கமான ஆளு சார்" என்றான் கிரீஸ். "நமக்கு வர்றவன்லாம் எடுத்ததுமே கத்துவான்."

அடுத்த அழைப்பு மாலையில் வீட்டுக்கு வந்தது. ஆபரேஷன் பேச்சே வரக்கூடாது என்று அவன் முந்திக்கொண்டான்.

"நல்ல முன்னேற்றம். நாலாம் மாடி வரைக்கும் போறாங்க. நின்னு, மெதுவா இறங்கறாங்க."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"நாலா!" குரல் துள்ளியது. "இவ்வளவு சீக்கிரத்துல இங்க யாருமே வந்ததில்ல சார். மேடம் கட்டாயம் நேர்ல வரணும். டாக்டர் பரிசோதிக்கட்டும். அப்புறம் புதுசா வந்திருக்கிறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசட்டும். பாவம், வெட்கத்துல வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. வெள்ளிக்கிழமை காலைல?"

"வெள்ளிக்கிழமை முடியாதே."

"அப்ப அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் கொடுத்துடட்டுமா? மேடத்தோட பேரை எடுத்துடறேன்."

அவள் பேரை ஏற்கெனவே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். பேங்கில், கேஸ் புத்தகத்தில், குடும்ப அட்டையில்.

"எடுக்காதீங்க. வர்றோம்" என்றான்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து "மேடம் காலமாயிட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் வந்தது. நேரில் சொல்லிவிட வேண்டியதுதான். அதற்குப் பிறகு இந்தப் போன் அடிக்காது. சார்ஜ் போடவும் வேண்டியிருக்காது.

ஹாலுக்கு வந்தான். வாசலில் மாமியார் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். தலை வாரியிருந்தாள். கையில் துணிப்பை. மகள் போனதிலிருந்து வாசற்படி தாண்டாதவள்.

"எங்க கிளம்பிட்டீங்க அத்தை?"

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள்.

"நான் கிளினிக் வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஒரு பொய் சொல்லிட்டேன். அதைச் சரி பண்ணணும்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவனுக்குக் கூசியது. இருந்தாலும் கேட்டான். கேட்காவிட்டால் ஆயுசுக்கும் குடையும்.

"அத்தை, அவ உங்ககிட்டயாவது சொன்னாளா? தனக்கு இப்படி ஒரு கஷ்டம் இருக்குன்னு?"

"அவளுக்கு என்ன கஷ்டம்? கல்லு மாதிரி இருந்தா."

"அப்புறம் எதுக்கு...?"

மாமியார் பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவன் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பார்த்துச் சொன்னாள்:

"என் பேரைச் சொன்னா நான் வர மாட்டேன்னு அவ தன் பேரைக் கொடுத்து வச்சா, அவ போனப்புறம் நீங்களும் வாய்விட்டுக் கேக்காம தினம் அந்தப் பாடத்தைப் போட்டுவிட்டீங்க, நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பண்ணினேன், எல்லாம் சரி மாப்பிள்ளை, ஆனா ரெண்டாம் மாடிக்கே திணறிக்கிட்டு நிக்கிறவளை நாலாம் மாடின்னு எதுக்குச் சொல்லி வச்சீங்க?"