அம்மாவின் தலையளவு

"இந்த ஒரு விஷயமாவது உங்கம்மாவுக்குத் தெரியாம நடக்கும்!" அப்பா என்னிடம் சபதம் போட்டார்.

அப்பா கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சர். அம்மா பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ். அந்தக் கல்லூரியில் படிக்கிற பாதிப் பேரைப் பிறந்ததும் தலைகீழாகத் தூக்கிப் பிடித்தவள். இந்த வருஷம் கல்லூரியின் மிக உயர்ந்த கௌரவப் பட்டம் அவளுக்குத்தான். அவள் பேரைப் பரிந்துரைத்தது அப்பா. பாராட்டுரை எழுதியதும் அப்பா. சும்மா விழா பார்க்க என்று கூட்டிப்போய், மேடையில் பேரைக் கூப்பிட்டதும் அம்மா திகைப்பதைப் பார்க்கவேண்டும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவளை ஒருமுறைகூட அசத்தியதில்லையாம்.

பட்டம் வாங்குகிறவருக்குத் தொப்பி உண்டு. அதற்குத் தலையளவு வேண்டும். மத்தியானம் அம்மா கண் அசந்ததும் அப்பா நூலோடு குனிந்தார். நான் காவல்.

"என்னங்க பண்றீங்க?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கொசு!"

"கொசுவை நூல் போட்டா பிடிப்பாங்க?"

"இது... பெரிய கொசு."

"எத்தனை மாசம்?"

"கொசுவுக்கா?"

"நீங்க சுமக்கிற ரகசியத்துக்கு. நடை, மூச்சு, முழி எல்லாம் எங்க வார்டுக்கு வர்றவங்க மாதிரியே இருக்கு."

"சேச்சே, ஒண்ணுமில்லை!"

"சரி, வலி வந்தா எழுப்புங்க." திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நூலோடு முதல்வர் அறைக்குப் போனோம். (அடுத்த பேச்சை மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவும். அவர் குரல் அப்படி.) "அளவு போன மாசமே அவங்க கையெழுத்தோட வந்தாச்சே! பட்டம் வாங்குறவங்க சம்மதக் கையெழுத்துப் போடணும்ங்கறது விதியாச்சே!"

அந்த விதியை வருஷாவருஷம் தட்டச்சு செய்பவர் அப்பாதான். தட்டுவாரே தவிரப் படித்ததில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் பொத்தென்று உட்கார்ந்தார். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"எவ்வளவு ஆசையா ஒளிச்சு வெச்சிருந்தீங்க! கலைக்க மனசு வரலைங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும்தான்.

"கையெழுத்தோட ஒரே ஒரு நிபந்தனை எழுதினேன்," என்றாள் அம்மா. "பாராட்டுரையை எழுதினவரே மேடையில வாசிக்கணும்னு."

"ஐயையோ! முதல்வர் வாசிப்பார்னுதானே, உன்கிட்ட நேர்ல சொல்ல முடியாததெல்லாம் அதுல எழுதினேன்!"

"அதைக் கேக்கத்தானே கையெழுத்தே போட்டேன். மைக்கை மட்டும் நல்லாப் பக்கத்துல வெச்சுக்குங்க."