பேசும் சுவருக்கு அரை நாள் பயணம்

அந்த வருடம் எங்கள் ஊரில் மனிதர்கள் பேசியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுவர் பேசியதைத்தான் கேட்டார்கள்.

சாதாரணச் சுவர் இல்லை. ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், குன்றின்மேல் நிற்கும் வட்டக் கல் மண்டபத்தின் சுவர். இரண்டாயிரம் வருடமாக மழையிலும் வெயிலிலும் வாயை மூடிக்கொண்டு நின்ற சுவர். திடீரென்று அதற்குப் பேச்சு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மண்டபத்தைச் சுற்றிக்காட்டும் உரிமையை ஒரு வழிகாட்டி வாங்கிய மறுவாரம் வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கல்யாணம் நடக்குமா, வேலை கிடைக்குமா, நோய் தீருமா, எது கேட்டாலும் சுவர் சொல்லும். பேருந்து நிலையத்துக்கு எதிரே, முதல் மாடியில் வழிகாட்டியின் அலுவலகம். விடியும் முன்பே படிக்கட்டு நிரம்பிவிடும். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், டோக்கன், கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண், சுவரெங்கும் அழுத முகங்களின் புகைப்படங்கள். ஆனந்தக் கண்ணீராம். பெரிய பலகை ஒன்று: "அரை நாள் தனிப்பயணம். உங்கள் குடும்பம் மட்டும். உங்களுக்கென்றே ஒரு வண்டி. நாங்கள் உங்களிடம் எதையும் கேட்கமாட்டோம்."

கடைசி வரியில்தான் ஊரே விழுந்தது. மற்ற ஏமாற்றுக்காரர்கள் எல்லாம் பெயர் கேட்பார்கள், பிறந்த தேதி கேட்பார்கள். இவன் எதையுமே கேட்கவில்லையே, அப்படியானால் உண்மையாகத்தான் இருக்கவேண்டும்! எங்கள் ஊர் அறிவாளிகளின் கணக்கு இது.

ஒரே ஒரு நிபந்தனை. கேள்வி கேட்பவர் வண்டியில் ஏறிய நிமிடத்திலிருந்து சுவர் பேசி முடிக்கும்வரை மௌனமாக இருக்கவேண்டும். எழுதக்கூடாது, சைகை காட்டக்கூடாது. கூட வருபவர்கள் தாராளமாகப் பேசலாம்.

இந்தப் பைத்தியம் எங்கள் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. காரணம், என் அத்தானின் இதயம்.

அத்தான் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவர் இதயத்தில் ஒரு வால்வு ஒழுங்காக மூடுவதில்லை. வியாழக்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் மனைவி கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் அந்த நாள் வேறு நோயாளிக்குப் போய்விடும். அடுத்த இடம் கிடைக்க இரண்டு மாதம் ஆகும். அதுவரை தாங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார். "தள்ளிப்போடாதீங்க" என்றார்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. படிவத்தை நான்கு நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அக்கா முட்டாள் இல்லை. பள்ளி நூலகத்தில் வேலை. வாரத்துக்கு இரண்டு புத்தகம் படிக்கிறவள். ஆனால் பயந்துபோயிருந்தாள். கையெழுத்துப் போட்டபின் அத்தானுக்கு ஏதாவது ஆகிவிட்டால், தன் கையாலேயே அவரை அனுப்பி வைத்ததுபோல ஆகிவிடுமே என்ற பயம். தனக்குப் பதிலாக வேறு யாராவது முடிவு சொல்லமாட்டார்களா என்று தவித்தாள். அந்த நேரம் பார்த்து மாடிவீட்டு அம்மா வந்து சேர்ந்தாள்.

"நான் வாயே தொறக்கலைங்க! என் மாமியார் எந்த வருஷம் செத்தாங்க, எந்தக் கால்ல வீக்கம்னு அத்தனையும் சுவர் சொல்லுது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

அருகில் உட்கார்ந்திருந்த சித்தி நிமிர்ந்தாள். சித்தி முப்பது வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதை டைப் அடித்தவள். யார் என்ன சொன்னாலும் வரி வரியாகப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் போகவில்லை.

"வண்டியில யாரெல்லாம் போனீங்க?"

"நானும் எங்க வீட்டுக்காரரும்."

"அவர் மௌனமா வந்தாரா?"

"அவருக்கு என்ன மௌனம்? டிரைவரோட பேசிக்கிட்டே வந்தார். தங்கமான டிரைவருங்க. அவ்வளவு அன்பா விசாரிப்பார்."

"ம்ம்" என்றாள் சித்தி. அந்த 'ம்ம்' வந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

"நானும் வரேன்" என்றாள்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. முன்சீட்டில் அத்தான். நடுவில் சித்தியும் நானும். பின்சீட்டில் அக்கா. மற்றவர்களை 'உஷ்' என்று அடக்குவதே உத்தியோகமாக இருந்தாலும் தன் வாயை அடக்கிப் பழக்கமில்லாதவள். முதல் பத்து நிமிடத்திலேயே அவள் கன்னம் இரண்டும் உப்பிவிட்டன.

அத்தான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். "வண்டியில வால்வு போனா மாத்துறோம். அதுக்குச் சுவர்கிட்டயா போய் அனுமதி கேக்குறோம்?"

டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டான். தேன் தடவிய குரல். "வால்வா? யாருக்குண்ணே? உங்களுக்கா? அடடா, இந்த வயசுலயா? ஆபரேஷன் என்னைக்குண்ணே?"

"வியாழக்கிழமை" என்றார் அத்தான்.

"அதான் அக்கா முகம் வாடியிருக்கு. பாவம், அவங்களுக்கு எவ்வளவு கவலையோ!"

சித்தி முந்திக்கொண்டாள். "கவலை இருக்காதா தம்பி? ஏற்கெனவே ஒருத்தனைப் பறிகொடுத்தவளாச்சே. இது இவளுக்கு ரெண்டாவது கல்யாணம்."

பின்சீட்டில் தடால் என்று ஒரு சத்தம். அக்காவின் தலை கூரையில் இடித்த சத்தம் அது.

"முதல் புருஷன் கப்பல்ல வேலை பார்த்தான்" என்று சித்தி நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "போனவன் போனவன்தான். நெத்தியில நீளமா ஒரு வெட்டுத் தழும்பு. இவளை 'புறா'ன்னுதான் கூப்பிடுவான். பேரையே சொல்லமாட்டான்."

"புறாவா!" டிரைவர் நெகிழ்ந்துபோனான். "எந்தப் பக்கம் தழும்பு, அம்மா?"

"இடது பக்கம்."

சித்திக்குத்தான் மூளை கலங்கிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவுக்கு ஒரே கல்யாணம்; அதுவும் என் கண்முன்னால் நடந்தது. கப்பலை அவள் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். நான் திரும்பி வாயைத் திறந்தேன். சித்தி ஒரு பார்வை பார்த்தாள். அப்போதுதான் புரிந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒரு பொய்யை இந்த வண்டிக்குள் மட்டும் சொல்கிறாள். அது வேறு எங்காவது கேட்டால், எந்த வழியாகப் போனது என்று தெரிந்துவிடும்.

அத்தானுக்கு அது முன்பே புரிந்துவிட்டது போலிருக்கிறது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். "அவன் நல்லவன்தான். நான்தான் அவனை மாதிரி இல்லைன்னு அடிக்கடி சொல்லிக்காட்டுவா" என்று தன் பங்குக்கு ஒரு பிடி போட்டார்.

அக்கா பேச முடியாது. எழுத முடியாது. கை ஆட்ட முடியாது. அவளால் முடிந்தது, எட்டி என் தோளைக் கிள்ளுவது மட்டும்தான். மண்டபம் போய்ச் சேர்வதற்குள் என் தோள் கன்றிப்போயிற்று.

குன்றின்மேல் வண்டிகள் வரிசையாக நின்றன. தனிப்பயணம் வந்த முப்பது குடும்பங்கள் மொத்தமாக நின்றுகொண்டிருந்தன. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக அழுதுகொண்டே வெளியே வந்தார்கள். வெளியே நின்றவர்கள் அதைப் பார்த்து அப்போதே அழ ஆரம்பித்தார்கள். நேரம் மிச்சம்.

வழிகாட்டி வாசலில் நின்றார். பாதம்வரை வெள்ளை அங்கி, கையில் ஒலிபெருக்கி. "அன்பர்களே! மனிதன் பொய் சொல்லுவான். கல் பொய் சொல்லாது!"

"உண்மைதான். கல் எதுவுமே சொல்லாது" என்றாள் சித்தி. யாரும் சிரிக்கவில்லை.

"நான் வண்டிய ஓரமா விட்டுட்டு வந்துடறேன்" என்று டிரைவர் போய்விட்டான்.

எங்கள் முறை வந்தது. உள்ளே குளிர்ந்த, பெரிய வட்டம். கல்லோடு கல் இழைத்து, விரல் நுழைய இடைவெளி இல்லாத சுவர். அதைக் கட்டியவர்களின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எதிர்ப்பக்கம் மட்டும் சாரம் கட்டி நீலத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. 'பழுதுபார்க்கும் வேலை நடக்கிறது' என்று பலகை. வேலை நடக்கிற இடத்தில் ஒரு சுத்தியல் சத்தம்கூட இல்லை.

"இந்த இடத்துல காதை வையுங்க. கேள்விய மனசுக்குள்ள கேளுங்க" என்றார் வழிகாட்டி. நாங்கள் வாசலருகிலேயே நிறுத்தப்பட்டோம்.

அக்கா காதை வைத்தாள். கண்ணை மூடினாள். அவள் உதடு நடுங்கியதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உண்மையாகவே கேட்கிறாள்; என் புருஷன் பிழைப்பாரா என்று ஒரு கல்லிடம் கேட்கிறாள்.

சுவர் பேசியது. என்ன பேசியது என்பதைப் பிறகு அக்கா நூறு தடவை சொல்லிவிட்டாள்.

"புறாவே... என் புறாவே... கடலுக்கு அடியிலிருந்து பேசுகிறேன்... நெற்றியில் இடது பக்கத் தழும்பு இன்னும் வலிக்கிறது... உன் கணவர்மேல் கத்தி படக்கூடாது... வியாழக்கிழமை வேண்டாம்... இன்னும் ஆறு தடவை இங்கே வா..."

அக்காவின் கண் திறந்தது. முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. இரண்டு மணி நேரம் அடக்கி வைத்த மௌனம் மொத்தமாக வெடித்தது. காதை எடுத்தாள், வாயைச் சுவரில் வைத்தாள்.

"யாருடா நீ? எந்தக் கடல்டா? எனக்கு ஏதுடா முதல் புருஷன்?"

எதிர்ப்பக்கத் தார்ப்பாய்க்குள்ளிருந்து, "ஐயோ அம்மா! காது!" என்று ஓர் அலறல். சாரம் சரிந்தது. தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓர் உருவம் உருண்டு வந்து விழுந்தது. வண்டியை ஓரமாக விடப்போன எங்கள் தங்கமான டிரைவர்.

சத்தம் கேட்டு வரிசையில் நின்ற கூட்டம் உள்ளே திமுதிமுவென்று புகுந்தது. வழிகாட்டி சும்மா இருப்பாரா? "மௌனத்தைக் கலைச்சிட்டாங்க! சுவர் சொன்னது போன பிறவிப் புருஷனை!" என்றார்.

"போன பிறவியைப் பத்தி உங்க டிரைவர்கிட்ட இன்னைக்குக் காலையில ஏழரை மணிக்கு நான்தான் சொன்னேன்" என்றாள் சித்தி. "அத்தனையும் என் சொந்தக் கற்பனை. தழும்பு எந்தப் பக்கம்னுகூட அவர்தான் கேட்டார்."

கூட்டம் அப்போதும் நம்பவில்லை. ஏமாற்றினவனை நம்புவது எளிது. ஏமாந்தோம் என்று நம்புவதுதான் கஷ்டம். அத்தான் மெதுவாக நடந்துபோய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், எஞ்சினைத் தட்டுவதுபோல.

"வட்டச் சுவருங்க. இந்தப் பக்கம் வாயை வச்சுப் பேசினா சத்தம் சுவரை ஒட்டியே ஓடி அந்தப் பக்கம் காதுல விழும். கட்டினவன் கெட்டிக்காரன். நம்பாதவங்க காதை வச்சுப் பாருங்க."

சித்தி சாரத்துப் பக்கம் போனாள். வரிசையில் முதலில் நின்ற ஒரு பருத்த மனிதர் தயங்கித் தயங்கிக் காதை வைத்தார். அவருக்கு இது நான்காவது பயணமாம். நாற்பதடி தள்ளி, முதுகைக் காட்டி நின்றபடி சித்தி ஏதோ முணுமுணுத்தாள். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. அவர் மட்டும் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"பட்டன் மாறிப் போட்டிருக்கேனாம்" என்றார். உண்மைதான், மாறித்தான் போட்டிருந்தார்.

அவர் சரிசெய்யவில்லை. அப்படியே நின்றார். "நான் பேசலை. மூணு தடவையும் என் தம்பிதான் டிரைவர்கிட்ட பேசினான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு போனை எடுத்தார். "அம்மாவுக்கு மாத்திரையக் குடு... ஆமா, சுவர் நிறுத்தச் சொன்னதுதான்... குடுன்னு சொல்றேன்! இப்பவே குடு!"

அதன்பின் வழிகாட்டி அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதை, ஐம்பது பேர் துரத்தியதை, பாதி வழியில் அங்கி மட்டும் பிடிபட்டதை விவரித்து உங்கள் நேரத்தை வீணாக்கமாட்டேன். ஒன்றை மட்டும் சொல்லியாகவேண்டும். படியிறங்கும்போது எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இவன் திருடன்பா."

"ஆமா. ஆனா பக்கத்து ஊர்ல ஒரு கிணறு பேசுதாம். அது நிஜமாம்."

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். காதைப் பொத்திய டிரைவர் கடைசி சீட்டில் சுருண்டு கிடந்தான். அக்கா ஒரு மணி நேரமும் மூச்சுவிடாமல் பேசினாள். சித்தியைத் திட்டினாள், என்னைத் திட்டினாள், டிரைவரை எழுப்பி எழுப்பித் திட்டினாள். ஊர் எல்லை வந்ததும் திடீரென்று அழுதாள்.

"அந்தக் குரல் புறான்னு சொல்லாம, கத்தி வேண்டாம்னு மட்டும் சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேங்க" என்றாள் அத்தானிடம். "உங்களைச் சாகக் குடுத்திருப்பேன்."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நேராக மருத்துவமனைக்குப் போனோம். அக்கா கசங்கிய படிவத்தை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தாள். எத்தனை பேருக்கு இந்த ஆபரேஷன் செய்திருக்கிறீர்கள், அதில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டாள். குறித்ததை ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

"நல்லா யோசிச்சுட்டீங்கதானே, அம்மா?" என்றார் டாக்டர்.

"இப்பதான் யோசிச்சேன், டாக்டர். நாலு நாளா பயந்துக்கிட்டு மட்டும்தான் இருந்தேன்."

கேள்வி கேட்கிறவன் வாயை மூடவேண்டும் என்று எவனாவது சட்டம் போட்டால், அவன் எதையோ மூடி வைத்திருக்கிறான் என்று அர்த்தம். வாயைத் திறந்து கேளுங்கள் ஐயா! சுவருக்குக்கூட இரவல் வாய் கிடைக்கிறது. உங்களுக்குச் சொந்தமாகவே ஒன்று இருக்கிறது, அதற்கு மேலே ஒரு மூளையும் இருக்கிறது.