பீரோவுக்குள் ஒரு பிசி

கெமிஸ்ட்ரி நாலாம் பாடம் பாதி பதிவாகியிருந்தபோது, வைதேஹியின் மேக் லேப்டாப் இடமில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

"ஏன்னா, மறுபடியும் ஃபுல்லுங்கறது," என்றாள்.

ஜகன்னாத் பேப்பரை மடித்தார். அவருக்கு வேலை இன்ஷூரன்ஸ் ஆபீஸில்தான். ஆனால் ஸ்ரீரங்கத்தில் அந்த அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த எட்டு வருஷமாக மேக் கம்ப்யூட்டருக்காகச் சம்பளமில்லாமல் வாதாடி வருகிறார். எதிர் ஃபிளாட் டோமினிக் காலேஜில் எகனாமிக்ஸ் நடத்துபவர், பிசி கட்சி. ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போனதில்லை. சண்டையெல்லாம் லிஃப்டில்தான்.

"மேக் வாங்குற காசுல ரெண்டு பிசி வாங்கலாம் சார்," என்பார் டோமினிக். "ராம் மெமரி பத்தலைன்னா கழட்டி வேற மாட்டிக்கலாம். நீங்க ஒரு ஸ்க்ரூவைத் தொட முடியுமா?"

"தொட வேண்டிய அவசியமே வராது சார். அதுக்குத்தான் அந்த விலை."

அந்த அவசியம் இப்போது வந்துவிட்டது. பிளஸ் டூ பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள். வைதேஹி நடத்தும் ஆன்லைன் வகுப்பில் நூற்றுப் பத்துப் பிள்ளைகள், ரிவிஷன் வீடியோவுக்குக் காத்திருந்தார்கள்.

ஜகன்னாத் மேக்கைத் தில்லைநகருக்கு எடுத்துப் போனார். சர்வீஸ் கவுன்டரில் இருந்த பெண் துக்கம் விசாரிக்கும் குரலில் பேசினாள்.

"இதுல ஸ்டோரேஜ் ஏத்த முடியாது சார். போர்டோட சேர்ந்தே வருது. பெரிய மாடலா புதுசு வாங்கிக்கலாம்."

அதற்குப் பதிலாக ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினார். அதன் ஒயர் மேக்கின் ஓட்டையில் நுழையவில்லை. நுழைவதற்கு ஒரு ஹப் வாங்கினார். டிஸ்க், மைக், சார்ஜர் மூன்றையும் செருகியதும் ஹப் தோசைக்கல்லாய்க் கொதித்து, ஐந்தாம் பாடத்தின் நடுவில் டிஸ்க்கைக் கைவிட்டது. பாடம் போயிற்று.

"நான் பார்த்துக்கறேன்," என்று ஜகன்னாத் தானே உட்கார்ந்து, மேக்கில் வேண்டாத ஃபைல்களையெல்லாம் அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"எதையெல்லாம் எடுத்தேள்?"

"'டெஸ்ட்'னு ஒரு பெரிய ஃபோல்டர். நீ மைக் டெஸ்ட் பண்ணினதுதானே?"

"பசங்க எழுதின டெஸ்ட் பேப்பர். நூத்திப் பத்தும் திருத்தி வெச்சிருந்தேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு பிசி வாங்கிடுங்கோ," என்றாள். "டோமினிக் சார் சொல்றது நியாயம்னு எனக்கு எப்பவோ தெரியும்."

எட்டு வருஷ வாதத்தில் அவருக்கு விழுந்த முதல் அடி சொந்த வீட்டிலிருந்து வந்தது.

உறையூரில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் முகம்மது கனியிடம் நல்ல பிசி ஒன்று இருந்தது. டோமினிக் காலேஜுக்குப் போயிருக்கும் பகல் நேரம் பார்த்து, மண்ணச்சநல்லூர் பொன்னி அரிசி என்று அச்சடித்த சாக்கில் அதைப் போட்டுக் கட்டி, ஆட்டோவில் கொண்டுவந்து லிஃப்டில் ஏற்றினார். கதவு மூடும் நேரத்தில் டோமினிக் உள்ளே நுழைந்தார். அரை நாள் லீவாம்.

"அரிசியா சார்?"

"அரிசிதான்."

"எங்க வீட்டுல இப்ப வாங்கினது குழையுது. ரெண்டு கிலோ குடுங்க, ஆக்கிப் பார்க்கிறோம்."

அன்று சாயந்திரம் ஜகன்னாத் இருபத்தைந்து கிலோ பொன்னி வாங்கி, அதில் இரண்டு கிலோவை எதிர் ஃபிளாட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

பிசி பெட்ரூம் பீரோவுக்குள் போயிற்று. பட்டுப்புடவைகள் கட்டிலுக்கு வந்தன. வைதேஹி பீரோ முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எடிட் செய்தாள். ஃபேன் இரைச்சல் காரிடார் வரை கேட்டது.

"என்ன சார் சத்தம்?" என்றார் டோமினிக்.

"அடைக்கு அரைக்கிறோம்."

"மூணு மணி நேரமாவா?"

"சொந்தக்காரங்க வராங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை அபார்ட்மென்ட் சங்கக் கூட்டம். பிள்ளைகளின் படிப்பறைக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்குவது என்பதே பேச்சு. ஜகன்னாத் மேக்குக்காக முக்கால் மணி நேரம் பேசினார். அந்த நேரத்திலும் பீரோவுக்குள் ஏழாம் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. டோமினிக் எழுந்து, கழட்டி மாட்டும் உரிமை இல்லாத பொருளுக்கு இத்தனை விலை கொடுப்பவன் ஏமாளி என்று மேஜையைத் தட்டினார். இதற்கு முன் இப்படி ஒரு ஆவேசத்தில் அவரை யாரும் பார்த்ததில்லை. கடைசியில் முடிவு மூன்றாம் முறையாக ஒத்திவைக்கப்பட்டது. படிப்பறைக்கு இந்த வருஷமும் கேரம் போர்டுதான்.

வீட்டுக்கு வந்தால் ஏழாம் பாடம் பாதியில் நின்றிருந்தது. ராம் பத்தவில்லை.

மத்தியானம் கனி வந்தார். பீரோ முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, இன்னொரு ராமைச் செருகினார். ஐந்து நிமிஷ வேலை. பிசி பறந்தது. ஏழாம் பாடம் முழுசாக ஏறியது. வைதேஹி பத்து நாளில் முதல் முறையாகச் சிரித்தாள்.

ஜகன்னாத்துக்குத்தான் என்னவோ போலிருந்தது. கனியின் பக்கத்தில் குந்திக் குரலைத் தாழ்த்தினார்.

"கனி, ஒரு உதவி. எதிர் ஃபிளாட் சாருக்கு இது தெரியவே கூடாது. ஆயுசுக்கும் தெரியக் கூடாது."

கனி கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்:

"நீங்க பேசினதைக் கேட்டு மேக் வாங்கிட்டு, இந்தப் பிசியை வித்துத் தரச் சொன்னப்ப அவரும் இதையேதான் சார் சொன்னாரு."